முள் காட்டுவது எதை?
ஸ்கூபா பிரஷர் கேஜில் பிழை கண்டுபிடிக்கும் முறைகள்

(மூன்றாம் ஆண்டு மெக்கானிக்கல் மாணவன் ஒருவனின் விடுமுறை அனுபவம்)



நமது மெஷர்மெண்ட்ஸ் லேபில் போர்டான் கேஜ் பரிசோதனை செய்யாதவர் நம்மில் யாரும் இல்லை. எடையை ஒவ்வொன்றாக வைப்போம், முள் ஏறும், குறித்துக்கொள்வோம். பிறகு எடையை ஒவ்வொன்றாக எடுப்போம், முள் இறங்கும், அதையும் குறிக்க வேண்டும். ரெக்கார்டில் "ஏறும்போது", "இறங்கும்போது" என்று இரண்டு பத்திகள் உண்டல்லவா? உண்மையைச் சொல்லுங்கள், இரண்டாவது பத்தியை எத்தனை பேர் நிஜமாகப் பார்த்து எழுதினோம்? மணி அடிக்கப் போகிறது, கேண்டீனில் டீ தீர்ந்துவிடும். முதல் பத்தியையே அங்கங்கே ஒரு எண் மாற்றி எழுதிக் கையெழுத்து வாங்கிவிடுவோம். நானும் அப்படித்தான் செய்தேன். மறைப்பானேன்?

அந்த இரண்டாவது பத்தி எதற்காக இருக்கிறது என்பது எனக்குப் போன கோடை விடுமுறையில்தான் தெரிந்தது. அதுவும் கடலில்.

என்ன நடந்தது?

என் பெரியம்மா மகன் புதுச்சேரியில் ஒரு டைவிங் மையத்தில் வேலை செய்கிறார். ஸ்கூபா கருவி மாட்டிக்கொண்டு கடலுக்குள் இறங்குபவர்களுக்குத் துணையாகப் போவது அவர் வேலை. "லீவுல வீட்ல சும்மா படுத்துக் கிடக்காம இங்க வா, மெக்கானிக்கல் படிக்கிறவனுக்கு வேலை நிறைய இருக்கு" என்று கூப்பிட்டார். போனேன். எனக்கு நீச்சல் தெரியும், டைவிங் தெரியாது. ஆகவே கரையில்தான் வேலை. சிலிண்டர் தூக்குவது, ரெகுலேட்டர்களை நல்ல தண்ணீரில் அலசுவது, காலையில் ஒவ்வொரு கருவியையும் மாட்டிப் பார்த்து ரிஜிஸ்டரில் டிக் அடிப்பது. ஒரு வாரத்தில் கை வேகம் வந்துவிட்டது. சிலிண்டர் வால்வைத் திற, முள் 200-க்குப் போகிறதா பார், டிக் போடு, வால்வை மூடு, பர்ஜ் பட்டனை ஒரே அழுத்து, முள் சட்டென்று பூஜ்யம், கழற்று, அடுத்தது. ஒரு செட்டுக்கு ஒரு நிமிடம்கூட ஆகாது.

ஒரு நாள் அண்ணன் 7-ம் நம்பர் செட்டை மாட்டிக்கொண்டு ஒரு விருந்தினரோடு இறங்கினார். ஆழம் 14 மீட்டர். 30-வது நிமிடத்தில் கேஜைப் பார்த்தார், 100 பார். 35-வது நிமிடத்தில் பார்த்தார், அப்போதும் 100 பார். ஒரு தட்டு தட்டினார், அசையவில்லை. உடனே கூட வந்தவருக்குக் கட்டைவிரலை மேலே காட்டினார். அதுதான் "மேலே போகலாம்" என்பதற்கு டைவிங் சைகை. நிதானமாக ஏறி, 5 மீட்டரில் 3 நிமிடம் நின்று, படகுக்கு வந்தார்கள். படகில் அதே சிலிண்டரில் வேறு ரெகுலேட்டரை மாட்டிப் பார்த்தால் 70 பார். 7-ம் நம்பர் கேஜ் மட்டும் இன்னும் 100 என்று சாதித்துக்கொண்டிருந்தது.

கரைக்கு வந்ததும் என்னைக் கூப்பிட்டார். சத்தம் போடவில்லை. அதுதான் எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது.

"காலைல 7-ம் நம்பரை யார்டா பார்த்தது?"

"நான்தாண்ணே."

"என்ன பார்த்தே?"

"200 ஏறுச்சு. டிக் போட்டேன்."

"ஏறும்போது பார்த்தே. இறங்கும்போது பார்த்தியா?"

என்னிடம் பதில் இல்லை. ரெக்கார்டின் இரண்டாவது பத்திதான் கண்முன் வந்தது. அன்று மாலையிலிருந்து அண்ணனிடம் கேட்டும், ஒவ்வொரு கேஜாகச் சோதித்தும் கற்றுக்கொண்டதை உங்களோடு பகிர்ந்துகொள்ளவே இந்தக் கட்டுரை. ஸ்கூபாவை விடுங்கள். நாளை நீங்கள் பாய்லர் பக்கம் போனாலும், கம்ப்ரஸர் பக்கம் போனாலும் இது உதவும்.

முதலில் கொஞ்சம் தியரி

1943-ல் பிரான்சில் ஜாக் கூஸ்தோ, எமில் காக்னான் என்ற இருவர் சேர்ந்து, கேட்டபோது மட்டும் காற்று தரும் 'ஆக்வா லங்' கருவியை உருவாக்கினார்கள். அதன்பின் பல ஆண்டுகள், முதுகில் இருக்கும் சிலிண்டரில் எவ்வளவு மிச்சம் என்று தண்ணீருக்குள் பார்த்துத் தெரிந்துகொள்ளும் வசதி பெரும்பாலான டைவர்களுக்குக் கிடையாது. 'ஜே வால்வ்' என்று ஒன்று இருந்தது. அழுத்தம் குறைந்ததும் உள்ளே உள்ள ஸ்பிரிங் காற்றை இறுக்கும். மூச்சிழுக்கக் கஷ்டமானதும் ஒரு கம்பியைக் கீழே இழுத்தால் மிச்சக் காற்று வரும். நம் பைக்கில் பெட்ரோல் ரிசர்வுக்குத் திருப்புவது போல என்று வைத்துக்கொள்ளுங்கள். பிறகுதான் தண்ணீருக்குள் கொண்டுபோகும் பிரஷர் கேஜ் எல்லோருக்கும் பழக்கமானது.

அந்தக் கேஜுக்குள்ளே இருப்பது நமக்குத் தெரிந்த சரக்குதான். 1849-ல் யூஜின் போர்டான் காப்புரிமை பெற்ற வளைந்த குழாய். ஒரு முனை மூடியிருக்கும். உள்ளே அழுத்தம் ஏறினால் குழாய் நிமிரப் பார்க்கும், அந்த அசைவு முள்ளைத் திருப்பும். லேபில் நாம் பார்ப்பது 'சி' வடிவக் குழாய். டைவிங் கேஜ்கள் பலவற்றில் அதே குழாய் சுருள் சுருளாகச் சுற்றியிருக்கும்.

காற்று போகும் பாதையை மனதில் வரைந்துகொள்ளுங்கள். சிலிண்டர், சிலிண்டர் வால்வ், ரெகுலேட்டர் முதல் நிலையின் வாயிலில் உள்ள ஃபில்டர், ஹை பிரஷர் துளை, ஹோஸ், ஹோஸும் கேஜும் சேரும் இடத்தில் ஒரு சின்னப் பித்தளைக் குழல், அதற்கு இரண்டு பக்கமும் பொடி ஓ-ரிங், பிறகு போர்டான் குழாய், கடைசியில் முள்.

இப்போது ஒரு கேள்வி. முள் காட்டுவது எதை? "சிலிண்டரில் உள்ள அழுத்தத்தை" என்றுதானே சொல்வீர்கள்? வைவாவில் இப்படிச் சொன்னால் மார்க் கிடைக்கலாம். ஆனால் பதில் அதுவல்ல. முள் காட்டுவது போர்டான் குழாய்க்குள் உள்ள அழுத்தத்தை. பாதையில் எந்த அடைப்பும் இல்லாமல், கேஜும் ஒழுங்காக இருந்தால் மட்டுமே அது சிலிண்டர் அழுத்தம். கேஜ் பிழைகள் எல்லாவற்றையும் இந்த ஒரு வரியை வைத்தே பிரித்துவிடலாம்: பிழை பாதையில் இருக்கிறதா, கேஜில் இருக்கிறதா?

முள் செய்யும் சேட்டைகள்

1. பூஜ்யத்துக்கு வராத முள். சிலிண்டரில் மாட்டாதபோதே முள் 10-லோ 15-லோ நிற்கிறது. கேஜ் கீழே விழுந்து அடிபட்டிருக்கலாம், முள் தன் தண்டில் நழுவியிருக்கலாம், போர்டான் குழாயே நிரந்தரமாக வளைந்திருக்கலாம். "15 கழிச்சுக்கிட்டாப் போச்சு" என்று சிலர் சொல்வார்கள். அது தப்பு. நழுவிய முள் என்றால் எல்லா இடத்திலும் ஒரே அளவு பிழை வரும். குழாய் வளைந்திருந்தால் இடத்துக்கு இடம் பிழை மாறும். எது என்று வெளியிலிருந்து தெரியாது. கேஜை மாற்றுவதுதான் வழி.

2. மூச்சுக்கு மூச்சு ஆடும் முள். மூச்சிழுத்தால் முள் கீழே போகிறது, விட்டால் பழைய இடத்துக்கு வருகிறது. புதிதாகப் பார்ப்பவன் "கேஜ் கெட்டுப்போச்சு" என்பான். இல்லை. கேஜ் மிக நன்றாக வேலை செய்கிறது, பாதைதான் அடைந்திருக்கிறது. பெரும்பாலும் சிலிண்டர் வால்வ் முழுதும் திறக்கப்படவில்லை என்று அர்த்தம். இழுக்கும் வேகத்துக்கு ஈடாகக் காற்று வராததால் வால்வுக்கு இந்தப் பக்கம் அழுத்தம் விழுகிறது. இதில் ஆபத்து என்னவென்றால், படகின்மேல் நின்று மூச்சிழுக்கும்போது சிரமம் தெரியாது. 20 மீட்டரில் சுற்றியுள்ள அழுத்தம் 3 பார், அங்கே ஒவ்வொரு மூச்சுக்கும் மேலே எடுப்பதைப் போல மூன்று மடங்கு காற்று தேவை. பாதி மூடிய வால்வ் அங்கேதான் கழுத்தைப் பிடிக்கும்.

முன்பெல்லாம் வால்வை முழுதும் திறந்து கால் சுற்று திருப்பி மூடு என்று சொல்லிக்கொடுப்பார்களாம். அவசரத்தில் ஒருவர் முழுதும் மூடிவிட்டுக் கால் சுற்று திறந்தால் என்ன ஆகும்? அதனால் "திறந்தா முழுசாத் திற" என்பதே அண்ணன் எனக்குச் சொன்ன சட்டம். வால்வ் முழுதும் திறந்திருந்தும் முள் ஆடினால் முதல் நிலை ஃபில்டரைப் பாருங்கள். செம்பழுப்பு நிறமாக இருந்தால் ஸ்டீல் சிலிண்டருக்குள் துரு. பச்சையாக இருந்தால் உப்புத் தண்ணீர் உள்ளே போய்ப் பித்தளை அரித்திருக்கிறது. சாம்பல் நிறப் பொடி என்றால் அலுமினியம் சிலிண்டரைச் சந்தேகப்படலாம். ஃபில்டரை மாற்றினால் மட்டும் போதாது, அந்தத் துரு எங்கிருந்து வந்ததோ அந்தச் சிலிண்டரையும் தனியே எடுத்து வைக்க வேண்டும்.

3. 200 காட்டிவிட்டு நாலு மூச்சில் விழும் முள். இது பெரிய ஏமாற்றுக்காரன். காலையில் யாரோ வால்வைத் திறந்து பார்த்துவிட்டு மூடியிருக்கிறார். ஹோஸில் அகப்பட்ட காற்று அப்படியே நிற்கிறது. முள் 200 காட்டுகிறது. வால்வோ மூடியிருக்கிறது! ஹோஸில் உள்ளது சில மூச்சுக்குக்கூடக் காணாது. ஆகவே கேஜைப் பார்த்தால் மட்டும் போதாது, பார்த்துக்கொண்டே மூச்சிழுக்க வேண்டும். நாலு முழு மூச்சு இழுத்தும் முள் அசையாமல் 200-லேயே நின்றால் சரி. ஆடினால் வால்வ் பாதி திறப்பு. விழுந்தால் வால்வ் மூடல்.

4. ஒட்டிக்கொள்ளும் முள். என் 7-ம் நம்பர் நோய் இதுதான். கேஜின் கண்ணாடிக்குள் லேசாகப் பனி மூடியது போல இருந்ததை நான் கவனித்திருக்கிறேன், துடைத்துவிட்டு விட்டுவிட்டேன். துடைத்தாலும் போகவில்லை, ஏனென்றால் ஈரம் உள்பக்கம். உள்ளே போன உப்புத் தண்ணீர் முள்ளின் தண்டை அரித்திருந்தது. வால்வைத் திறக்கும்போது அழுத்தம் வேகமாக வருவதால் முள் உராய்வைத் தாண்டி 200-க்குப் போய்விடும். பர்ஜ் பட்டனை ஒரே அழுத்தாக அழுத்தினால் அந்த வேகத்தில் பூஜ்யத்துக்கும் வந்துவிடும். கடலில் நடப்பதோ அப்படியல்ல. நிமிடத்துக்கு மூன்று பார் வீதம் மெல்ல மெல்ல இறங்கும்போது உராய்வு முள்ளைப் பிடித்துக்கொள்ளும்.

அன்று மாலை நாங்கள் செய்த சோதனை இது. ஒரே முதல் நிலையில் இரண்டு ஹை பிரஷர் துளைகள் இருந்தன. ஒன்றில் 7-ம் நம்பர் கேஜ், மற்றதில் நல்ல கேஜ். வால்வைத் திறந்து 200-க்கு ஏற்றி, வால்வை மூடிவிட்டு, பர்ஜ் பட்டனை விரல் நுனியால் தொட்டுத் தொட்டுக் காற்றைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டோம். 150 வரை இரண்டும் ஒன்றாக வந்தன. நல்ல கேஜ் 100-ஐத் தாண்டி 90, 80, 70 என்று இறங்கியது. 7-ம் நம்பர் 100-ல் நின்றது. நல்ல கேஜ் 55 காட்டியபோதுதான் இது துள்ளி விழுந்தது. பிழை 45 பார்! டைவர்கள் ஆபத்துக்கென்று ஒதுக்கி வைப்பதே பொதுவாக 50 பார்தான். நான் போட்ட ஒரு டிக், அந்த ஒதுக்கீட்டில் 5 பாரை மட்டும் மிச்சம் வைத்திருந்தது.

5. சோம்பேறி முள். வால்வைத் திறந்தபின் நல்ல கேஜில் முள் ஓரிரு நொடியில் ஏறிவிடும். இது மட்டும் நிதானமாக ஏறுகிறது, இறங்கும்போதும் பின்தங்குகிறது. ஹை பிரஷர் ஹோஸ் முதல் நிலையில் சேரும் முனையில் ஊசி முனை அளவு துளைதான் இருக்கும். ஹோஸ் வெடித்தால் காற்று மொத்தமும் ஒரே அடியாகப் போய்விடாமல் இருக்கத்தான் அந்த ஏற்பாடு. அந்தத் துளையில் உப்போ துருவோ அடைத்தால் முள் சோம்பேறியாகும். துளை சின்னதாக இருக்கிறதே என்று ஊசியை விட்டுக் குடைந்து பெரிதாக்கிவிடாதீர்கள். பாதுகாப்பே அந்தச் சின்னத் துளைதான். ஹோஸை மாற்றுங்கள்.

6. வால்வை மூடியபிறகு தானாக இறங்கும் முள். இது கேஜ் பிழை அல்ல, கேஜ் செய்யும் உதவி. வால்வைத் திறந்து அழுத்தம் ஏற்றி, வால்வை மூடி, சில நிமிடம் விட்டுப் பாருங்கள். ஹோஸுக்குள் இருக்கும் காற்று கொஞ்சம்தான், எனவே சின்னக் கசிவு இருந்தாலும் முள் இறங்கிக் காட்டிக்கொடுத்துவிடும். எங்கே கசிகிறது என்று அறிய மறுபடி வால்வைத் திறந்து செட்டைத் தண்ணீர்த் தொட்டியில் அமுக்கினால் குமிழி வரும். கேஜின் கழுத்தில் மெல்லிய சரமாகக் குமிழி வந்தால் அந்தப் பொடி ஓ-ரிங்தான். ஒரு எச்சரிக்கை: அழுத்தம் உள்ளபோது ஸ்பேனரைப் போட்டு இறுக்கக் கூடாது. வால்வை மூடி, பர்ஜ் செய்து, முள் பூஜ்யம் வந்தபின்தான் கை வைக்க வேண்டும். இன்னொன்று, சிலிண்டர் கழுத்து ஓ-ரிங் கசிந்தால் இந்தச் சோதனையில் தெரியாது. அது வால்வுக்கு முன்னாலேயே இருக்கிறது அல்லவா?

7. குற்றமற்ற முள். நேற்று 200 பார் நிரப்பிய சிலிண்டர் இன்று 186 காட்டுகிறது. கசிவா? கேஜ் பிழையா? இரண்டும் இல்லாமல் இருக்கலாம். கம்ப்ரஸரில் வேகமாக நிரப்பும்போது சிலிண்டர் சூடாகும். உள்ளே 50 டிகிரி செல்சியஸில் 200 பார் இருந்தது என்று வைத்துக்கொள்வோம். ஆறி 28 டிகிரிக்கு வந்தால்? முதலாண்டில் படித்த வாயு விதிதான். தனி வெப்பநிலை 323-லிருந்து 301 ஆகிறது, தனி அழுத்தம் 201. 201 பெருக்கல் 301 வகுத்தல் 323 என்றால் சுமார் 187. வளிமண்டல அழுத்தம் 1-ஐக் கழித்தால் கேஜில் 186. கணக்கு சரியாக வந்துவிட்டது. அவசரப்பட்டு நல்ல கேஜைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.

நல்ல கேஜும் கொஞ்சம் பொய் சொல்லும்

கேஜ் முகப்பில் கிளாஸ் 1.6, கிளாஸ் 2.5 என்று போட்டிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். கிளாஸ் 2.5 என்றால் முழு அளவில் 2.5 சதவீதம் வரை பிழை இருக்கலாம். கவனியுங்கள், காட்டும் அளவில் அல்ல, முழு அளவில். 400 பார் வரை போகும் கேஜில் அது 10 பார். முள் 200-ல் இருந்தால் 10 பார் பெரிய விஷயமில்லை. முள் 50-ல் இருக்கும்போதும் அதே 10 பார்தான்! அதாவது உள்ளே 40 இருக்கலாம், 60-ம் இருக்கலாம். காற்று குறையக் குறையக் கேஜின் வார்த்தைக்கு மதிப்பும் குறைகிறது. கடைசிப் பகுதிக்குச் சிவப்பு வண்ணம் பூசியிருப்பது அழகுக்கு அல்ல.

லேபில் நான் வாங்கிய பாட்டு

விடுமுறை முடிந்து வரும்போது 7-ம் நம்பர் கேஜோடு ஒரு நல்ல கேஜையும் அண்ணனிடம் கேட்டு வாங்கி வந்தேன். நம் லேபில் டெட் வெயிட் டெஸ்டர் இருக்கிறதே, நல்ல கேஜை முறைப்படி காலிபரேட் செய்து கொடுத்து நல்ல பேர் வாங்கலாம் என்று ஆசை. லேப் சார் கேஜைக் கையில் வாங்கிப் பார்த்தார்.

"இதுல என்ன போகும்?"

"காத்து சார். மூச்சு விடற காத்து."

"நம்ம டெஸ்டர்ல என்ன இருக்கு?"

அப்போதுதான் உறைத்தது. டெட் வெயிட் டெஸ்டரில் அழுத்தத்தைக் கடத்துவது எண்ணெய். போர்டான் குழாய்க்குள் ஒருமுறை புகுந்த எண்ணெயை முழுதும் வெளியே எடுப்பது லேசான காரியமல்ல. அந்தக் கேஜை மறுபடி ஹை பிரஷர் காற்றில் மாட்டினால், அதிலும் ஆக்சிஜன் கூடுதலாகக் கலந்த காற்றில் மாட்டினால், எண்ணெய் தீப்பிடிக்கும் அபாயம் உண்டு. போதாததற்கு மனிதன் மூச்சிழுக்கும் பாதை வேறு. "எதை அளக்கறோம்னு கேக்கறதுக்கு முன்னாடி, எதுல மாட்டப் போறோம்னு கேளு" என்றார் சார். மூச்சுக்காற்றுக் கேஜைச் சுத்தமான காற்றிலோ நைட்ரஜனிலோ, நம்பிக்கையான இன்னொரு கேஜோடு ஒப்பிட்டுத்தான் சோதிக்க வேண்டும். நல்ல கேஜை அப்படியே பையில் போட்டு அண்ணனுக்குத் திருப்பி அனுப்பிவிட்டேன்.

முள்ளைப் பார்ப்பதற்கு முன் கணக்கைப் பார்

14 மீட்டரில், கேஜ் கெட்டது என்று அண்ணனுக்கு எப்படித் தெரிந்தது? கையில் வேறு கேஜ் இல்லை. அவரிடம் இருந்தது கணக்கு.

கரையில் அமைதியாக இருக்கும்போது அவர் நிமிடத்துக்கு 15 லிட்டர் காற்று எடுப்பார். 10 மீட்டருக்கு ஒரு பார் வீதம் கூடும், ஆகவே 14 மீட்டரில் மொத்த அழுத்தம் 2.4 பார். 15-ஐ 2.4-ஆல் பெருக்கினால் நிமிடத்துக்கு 36 லிட்டர். அவர் முதுகில் இருந்த அலுமினியம் சிலிண்டரின் கொள்ளளவு 11.1 லிட்டர். 36 வகுத்தல் 11.1 என்றால் நிமிடத்துக்குச் சுமார் 3.2 பார். ஐந்து நிமிடத்தில் 16 பார் குறைய வேண்டும். 30-வது நிமிடத்தில் 100 என்றால் 35-வது நிமிடத்தில் 84 காட்ட வேண்டும். காட்டவில்லை.

"முள்ளு சொல்றதுக்கு முன்னாடி நீ சொல்லணும்டா. நீ 84-ன்னு சொல்லி, அது 85-ன்னு சொன்னா ரெண்டு பேரும் ஃபிரெண்டு. அது 100-ன்னு சொன்னா அதை நம்பாதே, மேல வந்துடு" என்றார். கேஜ் மேல் சந்தேகம் வந்தபின் தண்ணீருக்குள் அதை ஆராய்ந்துகொண்டிருக்கக் கூடாது. துணைக்கு வந்தவருக்குச் சைகை காட்டி, அவர் பக்கத்திலேயே இருந்து, மூச்சை அடக்காமல் நிதானமாக மேலே வருவதுதான் முறை. துணைக்கு வந்தவரிடம் கூடுதலாக ஒரு வாய்க்கருவி தொங்கும். அது இதற்காகத்தான்.

காலைச் சோதனை

இப்போது அந்த மையத்தின் ரிஜிஸ்டரில் டிக் போடும் கட்டம் இல்லை. எண் எழுதும் கட்டங்கள் இருக்கின்றன. வரிசை இதுதான்:

(1) மாட்டுவதற்கு முன் முள் பூஜ்யத்தில் இருக்கிறதா? கண்ணாடிக்குள் ஈரம், உப்பு, விரிசல் உண்டா?

(2) ஹோஸை வளைத்துப் பார்த்தால் வெடிப்பு, வீக்கம் உண்டா?

(3) வால்வைத் திறக்கும்போது கேஜ் முகப்பை யார் முகத்துக்கும் எதிரே பிடிக்காதே. உள்ளே குழாய் வெடித்தால் கண்ணாடி பறக்கலாம்.

(4) மெதுவாகத் திறக்கத் தொடங்கி, முழுதும் திற. முள் ஏறும் விதத்தைக் கவனி.

(5) முள்ளைப் பார்த்துக்கொண்டே நாலு மூச்சு இழு.

(6) வால்வை மூடி சில நிமிடம் பொறு. முள் இறங்குகிறதா?

(7) பர்ஜை மெதுவாகத் தொட்டு முள்ளை இறக்கு. 150, 100, 50, பூஜ்யம் என்று எங்கும் தயங்காமல் வருகிறதா? சந்தேகம் இருந்தால் இன்னொரு கேஜோடு சேர்த்து மாட்டிப் பார்.

(8) அலசும்போது முதல் நிலை வாயிலில் மூடியைக் காயவைத்துப் போட்டபிறகே தண்ணீரில் முக்கு. ஃபில்டர் பச்சையாவதும், போர்டான் குழாய் உள்ளே அரிப்பதும் பெரும்பாலும் இந்த மூடியை மறப்பதால்தான்.

பிழையுள்ள கேஜைக் கழற்றி உடைத்துச் சரிசெய்ய ஆசைப்படாதீர்கள். தனியே எடுத்து, "பயன்படுத்தாதே" என்று அட்டை கட்டி, மாற்றிவிடுவதே நல்லது. வயர்லெஸ் மூலம் கைக்கடிகாரத்தில் அழுத்தம் காட்டும் கருவிகளும் இப்போது இருக்கின்றன. அதில் முள் ஒட்டாது, ஆனால் பேட்டரி தீரும், சிக்னல் விடும். கணக்குப் போடும் வேலை அதிலும் நம்முடையதுதான்.

முடிவாக

நண்பர்களே, 7-ம் நம்பர் கேஜ் இப்போது என் மேசைமேல் இருக்கிறது. அண்ணனே "வச்சுக்கோ" என்று கொடுத்துவிட்டார். அதற்குப் பக்கத்தில் என் இரண்டாம் ஆண்டு லேப் ரெக்கார்டு. அதில் போர்டான் கேஜ் பரிசோதனைக்கு எனக்குக் கிடைத்தது பத்துக்குப் பத்து. "இறங்கும்போது" பத்தியில் உள்ள எண்களில் ஒன்றுகூட நான் பார்த்து எழுதியது இல்லை.

அந்தப் பத்தியைக் கண்டுபிடித்துப் போட்டவர் நமக்கு வேலை வைக்க வேண்டும் என்று போடவில்லை. ஏறும்போது ஒழுங்காக இருந்த கருவி இறங்கும்போது மாறலாம் என்று யாரோ கஷ்டப்பட்டுத் தெரிந்துகொண்டு போட்டிருக்கிறார். அடுத்த செமஸ்டரில் அந்த லேபுக்குள் போகும் ஜூனியர் தம்பி, தங்கைகளுக்கு ஒரு வேண்டுகோள். டீ ஆறினால் ஆறட்டும். எடையை ஒவ்வொன்றாக எடுங்கள். முள்ளைப் பாருங்கள். பார்த்ததை எழுதுங்கள்.